குப்பூஸ் சின்னம்

குவைத்தின் அப்பாசியாவில் எங்கள் தெருவுக்குள் பள்ளிப் பேருந்து வருவதில்லை. பிள்ளைகள் பெரிய சாலையோரம் வெயிலில் நிற்பார்கள். பேருந்தை உள்ளே வரவழைக்க வேண்டும் என்பதற்காகவே என் மனைவி பெற்றோர் குழுத் தேர்தலில் நின்றாள்.

எதிர்த்து நின்றவர் ஒரு மதுரைப் பெண்மணி. பள்ளி விழாக்களில் பிரியாணி செய்து பெயர் வாங்கியவர். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல்பதிவு போட்டார்: "பெத்த புள்ளைக்கு ரெண்டு இட்லி அவிக்க நேரமில்ல, தினம் கடையில வாங்குற குப்பூஸ் ரொட்டியச் சுருட்டிக் குடுத்துவிடுறாங்க. அந்தக் குப்பூஸ் அம்மாவுக்குக் கமிட்டி ஒரு கேடா?"

மனைவி அதை இரண்டு முறை கேட்டாள். அருகில் மகள் பரீட்சைக்கு அமெரிக்க வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் முன்னொரு காலத்தில் இப்படி நடந்ததாம் என்றாள். மரக்குடிலில் உட்கார்ந்து ஆப்பிள் மது குடிக்கத்தான் லாயக்கு என்று ஒரு வேட்பாளரை எதிரணிப் பத்திரிகை கேலி செய்தது. அவருடைய கட்சிக்காரர்கள் மரக்குடிலையே சின்னமாக்கி, ஊர் ஊராக வண்டியில் இழுத்துப்போய், ஆப்பிள் மதுவை ஊற்றிக் கொடுத்து, அவரை ஜனாதிபதியாக்கினார்கள்.

"அப்ப குப்பூஸ்தான் எங்கட சின்னம்" என்றாள் மனைவி.

அட்டையை வட்டமாக வெட்டிப் பழுப்புப் புள்ளிகள் வைத்தாள். படம் குழுவில் ஏறியது. அப்பாசியாவில் பாதி அம்மாக்கள் என் மனைவியைப் போலவே விடிவதற்குள் டியூட்டிக்குப் போகிறவர்கள். பேக்கரி ரொட்டி இல்லாத வீடு எது? மாலைக்குள் பலருடைய முகப்புப் படத்தில் முகம் போய்க் குப்பூஸ் வந்திருந்தது.

எனக்கு மட்டும் ஓர் உறுத்தல். தினமும் குப்பூஸ் சுருட்டிக் கொடுப்பவன் நான். மனைவி லீவு நாளில் இடியப்பமும் சொதியும் வைப்பவள். ஊரில் பத்திரிகையில் வேலை செய்தபோது தவறான செய்திக்குத் திருத்தம் போட்டுப் பழகிய கை என்னுடையது.

"உண்மையைச் சொல்லிவிடட்டோ?"

"எலக்சன் முடியுமட்டும் வாயைத் திறவாதேங்கோ. அந்த மனுசன் மட்டும் மரக்குடிலிலையோ பிறந்தவர்?"

"பெரிய பண்ணை மாளிகையில், அம்மா" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலை எடுக்காமல்.

மனைவி வென்றாள். மதுரைப் பெண்மணி வந்து கை குலுக்கினார். "நானே பேரு வச்சு, நானே தோத்துட்டேன், போங்க!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த மாதம் பேருந்து எங்கள் கட்டட வாசலில் வந்து நின்றது. டியூட்டியில் இருந்த மனைவிக்குப் படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சந்தோசம். இண்டைக்கு என்ன கட்டிக் குடுத்தனீங்கள்?"

"சின்னம்தான்" என்று எழுதினேன்.