ஒரு கூவுக்கு விட்ட இடம்

அக்கராயன்குளத்து வீரகத்திக்கும் துணுக்காயிலிருந்து வாழவந்த நாகேஸ்வரிக்கும் பிள்ளைகள் இரண்டே இரண்டு. மூத்தவன் விதுசன், இளையவள் ஜெயரூபி. பாலைப்பழக் காலம் வந்தால் இரண்டையும் வீட்டில் பிடிக்க ஏலாது. காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று தகப்பன் சொல்லி வைத்திருந்தார். ஒருவர் 'கூ' என்று குரல் வைக்க, மற்றவர் திருப்பிக் 'கூ' வைக்க வேண்டும். விதுசனின் கூ எப்போதும் பிந்தித்தான் வரும். வாய் நிறையப் பழம்.

கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக ஓடியபோது அவன் கைதவறிப் போனான். இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

ஜெயரூபி வயலும் பாட்டுமாக வளர்ந்தாள். முல்லைத்தீவில் போன் திருத்தும் நாஸிம் கிற்றார் வாசிப்பார். கலியாண வீடொன்றில் இவள் பாடக் கேட்டவர், "தங்கச்சி, நாங்க ரெண்டு பேருமா ஒரு அல்பம் செய்வம்" என்றார். இவளும் அவரை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

ஓடாமல் கிடந்த அரிசி ஆலைக்குள் ஏழு பாட்டுப் பதிந்தார்கள். கூரைப் புறாவும், காற்றில் முனகும் தகரமும், தூரத்து உழவு மெசினும் பாட்டுக்குள் வந்து குந்திக்கொண்டன.

"புறாவின்ர பேரையும் போடவேணும், நானா."

"போடுவம். உன்னை விடச் சுதி சுத்தம்."

கடைசிப் பாட்டின் முடிவில் ஜெயரூபி 'கூ' என்று குரல் வைத்தாள். பேசாமல் நின்றாள். பிறகு இன்னொரு கூ. அவ்வளவுதான் பாட்டு.

வீட்டில் இருந்து அதைச் சீராக்கிய நாஸிம் இரண்டு கூவையும் ஒட்டிவிட்டார்.

"நடுவில சும்மா வெறும் இடம் கிடந்துது, வெட்டிப்போட்டன். சனம் போன் செத்துப்போச்செண்டு நினைக்கும்."

"அது வெறும் இடமில்லை, நானா. அண்ணா பதில் சொல்லுற இடம்."

நாஸிம் அடுத்த கிழமை அந்த இடத்தில் கிற்றாரால் ஒரு பதில் வைத்துக்கொண்டு வந்தார். கூவைப் போலவே இருந்தது. கேட்டுவிட்டு ஜெயரூபி அழுதாள். அழுது முடித்து, வேண்டாம் என்றாள்.

"ஏன், நல்லாயில்லையா?"

"நல்லாயிருக்கு. அதுதான் பயமாக்கிடக்கு. நீங்கள் பதில் சொல்லிப்போட்டா, அண்ணா வரத் தேவையில்லையெண்டு ஆகிப்போகும்."

நாஸிம் தன் கிற்றார்ப் பதிலை எடுத்துவிட்டு இடத்தைத் திரும்ப விட்டார்.

அல்பம் வெளியே விடுவதற்கு முன், ஜெயரூபி அதைக் குசினியில் தாய்க்குப் போட்டுக் காட்டினாள். கறியைத் துழாவியபடி கேட்டுக்கொண்டிருந்த நாகேஸ்வரி முதல் கூவுக்கு அகப்பையை நிறுத்தினா. ஆலைக்குள் ஒரு புறா சிறகடித்தது. இரண்டாவது கூ வந்தது. பாட்டு முடிந்தது.

"அவசரப்பட்டிட்டாய், பிள்ளை. அவனுக்கு வாயில பழமெல்லே கிடக்கும்."

ஜெயரூபி உடனே நாஸிமுக்குப் போன் எடுத்தாள். "நானா, அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."

"எவ்வளவு?"

"தெரியாது. அண்ணா பழத்தை விழுங்கி முடிக்குமட்டும்."