கடவுச்சீட்டும் மீன் உருண்டையும்

ஐந்து நாளுக்குப் பாங்கொக் போவது என்று முடிவானதும் என் கணவர் செய்த முதல் வேலை, கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்ததுதான். சுவிஸில், பாடனில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் பொது அறையின் பூட்டுத் திறப்பு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, எங்களிடம் வரும். அன்றைக்குச் செத்தவீடு என்றாலும் தோய்த்துவிட்டுத்தான் போவோம். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐந்து நாளைச் சும்மா விடுவது உடம்புக்கு ஒத்துவராது.

நான் தாளை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். திட்டம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அம்மா மாறிவிட்டா என்று மகள் சந்தோஷப்பட்டாள். நான் மாறவில்லை. பாங்கொக்கில் ஏற்கனவே ஐந்து மாதம் இருந்திருக்கிறேன்.

இருந்தேன் என்றால், ஒரு அறைக்குள் இருந்தேன். இவர் முன்னமே சுவிஸ் வந்துவிட்டார். என்னை ஊரிலிருந்து இவரிடம் கொண்டுவந்து சேர்ப்பதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன், ஆறு பெண்களை ஒரே அறையில் விட்டு, யன்னலுக்குப் பேப்பர் ஒட்டிவிட்டுப் போனான். வெளியே தலை காட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்றான். விசா முடிந்திருந்தபடியால் அது உண்மையும்தான். மத்தியானம் ஒரு பொடியன் சாப்பாடு கொண்டுவருவான். சில நாள் பொலித்தீன் பையில் கட்டிய சூப்பும் இரண்டு மீன் உருண்டையும் இருக்கும். நான் பார்த்த பாங்கொக் அவ்வளவுதான். இந்த முறை நானே கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும், கால் போன பக்கம் நடக்க வேண்டும், பசித்த இடத்தில் இருந்து சாப்பிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இதை இவருக்கு விமானத்தில் விளங்கப்படுத்தினேன். ஓம் என்றார். பிறகு, ஹோட்டலில் காலைச் சாப்பாடு எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டார்.

முதல் இரண்டு நாளும் பிழையில்லை. ஆற்றுப் படகில் ஏறிக் கடைசித் துறைவரை போனோம். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, திரும்பி வந்தோம். விளக்குமாறு மட்டும் விற்கிற ஒரு தெருவைக் கண்டோம். கோயில் ஒன்றுக்குப் போனபோது பூட்டியிருந்தது, வாசலில் நின்ற நாயைப் பார்த்துவிட்டு வந்தோம். நண்டு போட்ட முட்டைப் பொரியல், சுட்ட வாழைப்பழம், காலையில் கஞ்சி, பத்து மணிக்கு இன்னொரு கஞ்சி. பஸ் தரிப்பிடங்களில் நேர அட்டவணை இல்லை என்பதை இவர் படம் எடுத்து வேலையிடத்து நண்பர்களுக்கு அனுப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் எனக்கு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் இவர் தெருவின் மறுபக்கம் மாம்பழ வண்டிக்குப் போனார். நான் நிழலில் நின்றேன். அப்போது ஒரு பொலிஸ்காரர் என்னை நோக்கி நடந்து வந்தார். என் கைப்பையில் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் கால் அதைக் கேட்கவில்லை. அது தன்பாட்டில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் போய்விட்டது. நானும் கூடவே போனேன்.

ஒரு மேசையில்தான் இடம் இருந்தது. அதில் போய் இருந்தேன். கடைக்காரம்மா கேட்காமலே நூடில்ஸ் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தா. அடுத்த நிமிடம் பொலிஸ்காரர் உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார், என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் கடவுச்சீட்டை எடுத்து, படம் இருக்கும் பக்கத்தை விரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பேத்தி காணும் வயதில் இப்படிப் பயப்படுகிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சூப் தெறிக்கப்போகிறது என்று அதை மூடி, ஓரமாகத் தள்ளிவைத்தார். மிளகாய்த்தூள் போத்தலை என் பக்கம் நகர்த்தினார்.

அவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, எங்கே போகிறீர்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஏஜென்சிக்காரன் எங்களுக்கு ஒரு பதில் பாடமாக்கித் தந்திருந்தான்: சுற்றுலா, ஐந்து நாள், இன்ன ஹோட்டல். அந்தப் பதில் இப்போது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் வாயில் வரவில்லை. தெரியாது என்றேன். அவர் தலையாட்டினார், அது போதுமான பதில் என்பதுபோல. மீன் உருண்டையைக் காட்டி, நல்லாயிருக்கும், சாப்பிடுங்கள் என்று சைகை செய்தார். கடித்தேன். சூடாக இருந்தது. அந்த அறைக்கு வந்ததெல்லாம் ஆறித்தான் வரும்.

அந்த நேரம் பார்த்து இவர் மாம்பழப் பையோடு வாசலுக்கு வந்தார். பொலிஸ், மேசையில் கடவுச்சீட்டு, மனைவியின் கண்ணில் தண்ணீர். இவர் உடனே இடுப்புப் பையைத் திறந்து, தன் கடவுச்சீட்டு, ஹோட்டல் பதிவு, திரும்பிப் போகும் டிக்கெட், மருத்துவக் காப்புறுதி அட்டை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார். பொலிஸ்காரர் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வெளியே தமிழில் வாயே திறக்கக் கூடாது என்பதும் ஏஜென்சிக்காரனின் கட்டளை. நான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அதுகளை உள்ள வையுங்கோ. அவர் சாப்பிட வந்தவர். நானும் சாப்பிடத்தான் வந்தனான்."