தாளிக்கும் முன் சாத்திய கதவு

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டின் எதிர் ஃப்ளாட்டுக்கு, லண்டனிலிருந்து குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தார் ஒரு பெண்மணி. ஒல்லியானவர். எவ்வளவு வியர்த்தாலும் காலிலிருந்து சாக்ஸைக் கழற்றமாட்டார். கடுகு தாளிக்கும் முன் ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்துவார். நான் உறைமோர் வாங்கப் போன அன்றும் அப்படித்தான் சாத்தினார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"பொண்ணோட கோட்டுல வாசனை ஏறிடுங்க. ஸ்கூல்ல மத்த பசங்க மூக்கைப் பொத்திக்கிறாங்களாம்."

"இங்க ஏதுங்க கோட்டு?"

கரண்டியோடு அப்படியே நின்றார். "ஆமால்ல!" என்று சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து மகள் கத்தினாள்: "அம்மா, மூடும்மா! வாசனை வருது!"

என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி சாத்திவிட்டார்.

வெளியே தெரு முழுக்கப் பெருங்காயம் மணந்துகொண்டிருந்தது. இங்கே யார் மூக்குக்குப் பயந்து சாத்தினார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.