லைனில் காத்திருந்த எஸ்தர் சிஸ்டர்

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் நான் எடுத்த முதல் அழைப்பே அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது. துடியலூரிலிருந்து எஸ்தர் சிஸ்டரின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க. ராத்திரி மாரடைப்புங்க" என்றார். எந்த வார்டுக்குக் கொடுக்கட்டும் என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் அவர் சொன்னது மனசில் ஏறியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சர்க்கரை நோய் வார்டின் மூத்த நர்ஸ் அவர். குணமாகி வீட்டுக்குப் போனவர்களைப் பற்றித்தான் அவருக்குக் கவலை அதிகம். "இங்க நாம ஊசி போடறோம், சோறு அளந்து குடுக்கறோம். ஊட்டுல யாரு பார்ப்பாங்க கண்ணு?" என்பார். பெரிய டாக்டரிடம் மன்றாடி, திங்கட்கிழமை மதியம் ஒரு மணி நேரம் வெளியூர் லைன் வாங்கினார். அந்த வீடுகளில் போன் ஏது? பக்கத்து உரக்கடை, மஞ்சள் மண்டி, எஸ்.டி.டி. பூத் என்று எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சொன்ன நேரத்துக்கு நோயாளி அங்கே வந்து நிற்பார். நான் இணைத்துக் கொடுப்பேன். ஒட்டுக் கேட்பது தப்புதான்; கேட்டேன்.

கொடுமுடிப் பழனியப்பர் உரக்கடைக்கு வந்து பேசுவார். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கறனுங்க" என்பார். ஐந்து வாரம் இப்படியே போனது. ஆறாவது வாரம் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். செருப்புக் கடித்த புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று.

"ஏனுங்க, போன்லயே சொல்லியிருக்கலாமுங்களே?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அத்தனை தூரத்துல இருந்து கூப்பிட்டு விசாரிக்கறீங்க. உங்க மனசு நோகற மாதிரி சொல்லலாமுங்களா?" என்றார் அவர்.

சிஸ்டர் என் அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதார். "மரியாதைக்குச் சொன்னதை நம்பிப்போட்டேன் கண்ணு. தப்பு என்மேலதான்."

அதிலிருந்து யாரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதில்லை. "நல்லா இருக்கறது இருக்கட்டுமுங்க. செருப்பைக் கழட்டிப் பாதத்தைப் பாருங்க. வெரலு இடுக்கையும் பாருங்க. நான் லைன்லயே இருக்கறேன்" என்பார். அந்தப் பக்கம் கடைக்காரர் சலித்துக்கொள்வது கேட்கும். சிஸ்டர் ரிசீவரை வைக்கமாட்டார். ஒரு பல்லடத்து அம்மா இன்சுலின் பாட்டிலைச் சூடேறும் ரேடியோ மேல் வைத்திருந்தது, மருந்து எங்கே இருக்கிறது என்று இப்படி விடாமல் கேட்டதில்தான் வெளியே வந்தது. "பாட்டுக் கேக்கறது நீங்களா, மருந்தா அம்மணி?" என்று கேலி செய்துவிட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தார்.

போன வியாழக்கிழமை தோள் வலிக்கிறது என்று பாதி டியூட்டியில் வீட்டுக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் நான் போன் செய்தேன்.

"நல்லா இருக்கறேன் கண்ணு. திங்கக்கெழமை லைனுக்கு வந்துருவேன்" என்றார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. ஆனாலும் சரிங்க சிஸ்டர் என்று வைத்துவிட்டேன். இத்தனை வருடம் கேட்டுக்கொண்டே இருந்த நானே அந்தச் சொல்லை நம்பினேன். இதற்கு என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று திங்கட்கிழமை. ஊர் ஊராகக் காத்திருப்பார்களே என்று அவருடைய நோட்டைப் பிரித்து நானே கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் கொடுமுடி. பழனியப்பர் ஊன்றுகோலோடு வந்து நிற்கிறார் என்று சொல்லி உரக்கடைக்காரர் அவரிடம் ரிசீவரைக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். ஊன்றுகோலைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, "நீங்க எப்படி இருக்கறீங்க அம்மணி?" என்றார்.

நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கினேன். "நல்லா இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

"அழுங்க. நான் லைன்லயே இருக்கறேன்" என்றார் அவர்.

போய் வாருங்கள், சிஸ்டர். நோட்டு என்னிடம் இருக்கிறது.