தண்ணீரில் கிடந்த சீவல்கள்

வேரைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவுவதுதான் அவள் வேலை. கையில் எந்நேரமும் சவர பிளேடு இருப்பதால் ஆய்வகத்தில் அவள் பெயரே ‘பிளேடு’. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேலை என்னவென்று கேட்டுவிட்டு அம்மா, “காய் நறுக்கறதுக்கா இவ்ளோ படிச்சே?” என்றாள்.

அன்று மேசைக்கு வந்தது அத்தான் பயிரிட்ட மருந்து வேர். அக்காவின் கணவர் என்பதை ஆய்வகப் பொறுப்பாளரான மேடத்திடம் முன்பே சொல்லியிருந்தாள்.

“அதனாலென்ன? நீ பாரு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நானும் பார்ப்பேன்.”

சீவல்மேல் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால், சத்து இருக்கும் இடம் ஆரஞ்சாக மாறும். மாறாவிட்டால் மருந்து நிறுவனம் வேரை வாங்காது. அத்தான் தன்னிடம் இருந்த நிலம் முழுக்க இதைத்தான் போட்டிருந்தார்.

முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் சோதனை செய்தாள். மூன்று சீவல்கள். மூன்றும் வெள்ளை வெளேரென்று கிடந்தன. சொல்லி வைத்தாற்போல அக்காவின் போன்.

“பார்த்துட்டியாடி?”

“பார்த்துட்டே இருக்கேன்க்கா.”

“இழுக்காதே. உங்கத்தான் காலையிலேருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கறார். தரைதான் தேயுது.”

“முடியட்டும்க்கா, நானே கூப்பிடறேன்.”

மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். கண்ணை இடுக்கினால் லேசாக நிறம் தெரிவதுபோல இருந்தது. நிறம் நிஜமா, தன் ஆசையா? நிமிர்ந்துகொண்டாள். ‘சத்து இல்லை’ என்று எழுதத்தான் வேண்டும். பேனாவை எடுக்குமுன், சீவல்களை எடுத்துவைக்கும், திரவம் பட்ட தூரிகையை மிச்சச் சீவல்கள் கிடந்த தண்ணீரில் அலசினாள். தண்ணீர் ஆரஞ்சாகக் கலங்கியது.

வேறு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். நிறம் மாறவில்லை.

வீட்டில் உருளைக்கிழங்கு கறுக்காமலிருக்கத் தண்ணீரில் போட்டு வைக்கும் கை அது. காயக்கூடாதே என்று சீவல்களையும் அப்படியே போட்டிருந்தாள். மெல்லிய சீவலில் செல்களெல்லாம் அறுபட்டுத் திறந்து கிடக்க, சத்து மொத்தமும் கரைந்து இறங்கிவிட்டது.

புதிதாக ஒன்று சீவினாள். தண்ணீர் காட்டாமல் நேராகச் சொட்டு. பட்டைக்கு அடியில் வரிசையாக ஆரஞ்சுப் பொட்டுகள் பூத்தன, வளையம்போல. நடுக்கட்டையில் ஒன்றுகூட இல்லை.

மேடம் வந்து தன் கையாலேயே இன்னொரு சீவல் எடுத்துப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு! ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“முதல்ல தண்ணியில போட்டுட்டேன் மேடம்.”

“கூட்டு வைக்கப் போறியா?” என்றபடியே கையெழுத்துப் போட்டார். “போ, வீட்டுக்குச் சொல்லு. அங்க யாராவது மயங்கி விழுந்துடப் போறாங்க.”

படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“தேறிடுச்சுக்கா! சத்தெல்லாம் பட்டையிலதான் இருக்கு. கழுவறப்போ பட்டை உரியற மாதிரி தேய்க்க வேண்டாம்னு அத்தான்கிட்ட சொல்லு.”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு.

“அவரா தேய்க்கப் போறார்? குளிக்கவே நாலு தடவை விரட்டணும்டி!”

“என்னது, என்னது?” என்று பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது. அக்காவும் தங்கையும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.