இந்தியில் சொல்லாமல் விட்டது

என் கையெழுத்து மோசம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

அந்தமானில், ரங்கத் பஜாரில் எனக்குக் காய்கறி வியாபாரம். காலையில் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கிற பெங்காலி கிராமங்களுக்குப் போவேன். பூசணி, பர்வல், பாகற்காய் எல்லாம் தோட்டத்திலேயே வாங்கி வருவேன். பேச்செல்லாம் இந்திதான். நாலு பேர் முன்னால் தமிழில் வாய் திறக்க வராத எனக்கு, இந்தியில் பேரம் பேச மட்டும் வரும்.

அப்படிக் காய் வாங்கும் வீடுகளில் ஒன்று தீதியின் வீடு. தீதி என்றால் அக்கா. அவர் என்னை பையா என்பார், தம்பி என்று அர்த்தம். புருஷன் தவறிவிட்டார். ஒரே மகன், இருபதைத் தாண்டியவன். காயை ஏற்றிவிட்டு என் பக்கத்தில் தொற்றிக்கொண்டு பஜார்வரை வருவான், இறக்கிக் கொடுப்பான். வழி முழுக்க அவன்தான் பேசுவான். என்னைக் கூங்கா சாச்சா என்பான். ஊமைச் சித்தப்பா என்று அர்த்தம். "என்ன சாச்சா, இன்னிக்கு மூணு வார்த்தை பேசிட்டே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பான். நான் சிரித்துக்கொண்டே ஓட்டுவேன்.

போன மழைக்காலத்தில் சிநேகிதன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன், டிரங்க் ரோட்டு வளைவில் பைக் சறுக்கி, எதிரே வந்த பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனான்.

பொங்கல் கழிந்து எங்கள் சபையில் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. மெயின்லாண்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். ராஞ்சிக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் வருவதால், தமிழில் பிரசங்கம் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்று இந்தியில் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சொல்லும் வாத்தியார் போர்ட் பிளேரிலிருந்து வரும் வழியில் கான்வாயைத் தவறவிட்டார். காட்டுக்குள் வண்டிகளைச் சேர்த்துத்தான் விடுவார்கள். தவறினால் அன்றைக்கு வந்து சேர முடியாது. போதகர் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தினமும் இந்தியில் வியாபாரம் செய்கிறவன், இதைச் செய்யமாட்டாயா என்றார். என் மனைவி பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

மேடையில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், முதல் வரிசையில் தீதி உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக இருக்கும் என்று என் மனைவிதான் அழைத்து வந்திருந்தாள். நல்ல எண்ணத்தில்தான்.

முதலில் ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய வார்த்தைகள் வந்தால் பஜார் இந்தியில் சமாளித்தேன். நியாயத்தீர்ப்பு என்றதை மேலே இருக்கிற கோர்ட்டின் தீர்ப்பு என்றேன், ராஞ்சிக்காரர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் பிரசங்கியார் குரலை உயர்த்தினார்.

"போன வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், இயேசுவை அறியாமல் செத்தவன், இந்த நிமிஷம் எங்கே இருக்கிறான்? நரகத்தில் இருக்கிறான். அணையாத நெருப்பில் இருக்கிறான். நீ அவனுக்குச் சொன்னாயா? அந்த நாளில் ஆண்டவர் அவன் இரத்தப்பழியை உன் கையில் கேட்பார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து, அவ்வளவையும் மறுபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தீதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டவர் எல்லோரையும் பார்க்கிறார், அவர் தீர்ப்பு என்னவென்று நமக்குத் தெரியாது என்று இந்தியில் சொன்னேன்.

அந்தப் பந்தலில் இந்தி தெரியாதவர் பிரசங்கியார் ஒருவர்தான். தமிழ் தெரிந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நான் மாற்றியது தெரியும். ஒருவரும் அசையவில்லை. பிரசங்கியார் ஆமென் என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள், வழக்கத்தைவிடச் சத்தமாக.

டீ குடிக்கும்போது சபை மூப்பர் ஒருவர், "ஒரே மேடையில ரெண்டு பிரசங்கம் கேட்டோம் இன்னிக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து, "நீர் சொன்னது பொய் இல்லை. ஆனா அவர் சொன்னதும் இல்லை" என்றார்.

வீட்டில் என் மனைவி அழுதாள். மகன்தான் கேட்காமல் போய்விட்டான், அம்மாவாவது கேட்கட்டும் என்றுதானே அழைத்து வந்தேன் என்றாள். நாளைக்கு நியாயத்தீர்ப்பில் நின்று, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று தீதி கேட்டால் நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. அவளும் நானும் நம்புவது ஒன்றைத்தான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கேட்டதிலிருந்து அந்த நெருப்பு இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். அது இல்லை என்று நினைத்து நான் வாயை மூடவில்லை.

மறுநாள் காய் எடுக்கப் போனேன். தீதி பர்வலைத் தராசில் போட்டுக்கொண்டே, அந்த ஆள் இரண்டு தடவை சொன்னதை நீ சொல்லவில்லையே, என்ன அது என்று கேட்டார். நரகம் என்று காதில் விழுந்ததாம். அவர்கள் பேச்சிலும் அதற்கு நரக் என்றுதான் பெயர். இனி மறைக்க முடியாது. தராசு முள்ளைப் பார்த்தபடி, பிரசங்கியார் சொன்ன அவ்வளவையும் ஒன்றுவிடாமல் இந்தியில் சொன்னேன்.

தீதி அழவில்லை. என்னைத் திட்டுவார், இல்லையென்றால் எங்கள் சாமியைத் திட்டுவார் என்று நின்றிருந்தேன்.

"நீ இதை நம்புறியா, பையா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"முன்னாடியே நம்புனியா? அவன் உன் வண்டியில வந்தப்பவே?"

அதற்கும் தலையாட்டினேன்.

"பாலம் உடைஞ்சு கிடந்தா அந்தப் பக்கம் போகாதேன்னு அவன்கிட்ட சொல்லியிருப்பே. தினம் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டிட்டுப் போனியே. இதை ஏன் சொல்லல?"

வெட்கமாக இருந்தது என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அதுதான் காரணம். மதத்தைப் பற்றிப் பேசினால் அவன் சிரிப்பானோ என்று வெட்கம்.

"வெட்கம்" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். பிறகு, எடுத்துக்கொண்டு போ என்று காயைக் காட்டினார்.

மேடையில் நான் செய்ததை இரக்கம் என்று நினைத்திருந்தேன். மகனிடம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அப்படியேதான் தாயிடமும் இருந்திருக்கிறேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தீதி வெளியே வரவில்லை. காய்களைக் கூடையில் எடை போட்டு வாசல் படல் பக்கத்தில் வைத்துவிடுவார். பணத்தைக் கூடையிலேயே போட்டுவிட்டு வருவேன்.

போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். யாரும் சொல்லாததால் அறியாமல் போனவனை ஆண்டவர் வேறு விதமாக நியாயந்தீர்க்கலாம், அது அவர் சித்தம் என்றார். அப்படியானால் பிரசங்கியார் சொன்னது என்று கேட்டேன். அவரும் வேதத்தில் இருப்பதைத்தான் சொன்னார் என்றார். இரண்டும் எப்படி ஐயா உண்மையாக இருக்கும் என்று கேட்க நினைத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் வந்துவிட்டேன். அவருக்கும் அது பாரமாகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் நரகம் என்றால் என் உடம்பு வேகும் என்றுதான் பயப்படுவேன். இப்போது பயம் வேறு. எனக்கு மோட்சம் கொடுத்து, அங்கிருந்து அவனைப் பார்க்கச் சொன்னால் என்ன செய்வேன் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, ஆண்டவர் மரித்துப் பாதாளத்தில் இறங்கினார் என்று ஒரு இடம் வரும். இத்தனை வருஷம் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். எதற்காக இறங்கினார், அங்கே யாரைப் பார்த்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கம் இல்லை. இருந்தாலும் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். மனைவிக்குத் தெரியும். தடுப்பதில்லை.

இன்று காலை கூடை வழக்கம்போல வெளியே இருந்தது. நான் எடுக்கவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தீதி என்று கூப்பிட்டேன். வந்தார். அவனுக்காக ஜெபம் செய்கிறேன் என்று சொன்னேன்.

அதனால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டார்.

எங்கள் சபையில் இல்லை என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை.

அப்புறம் ஏன் செய்கிறாய் என்றார். தெரியவில்லை என்றேன்.

"நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வியாபாரம் முடித்து வந்து, சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது.

பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, 19 ஏப்ரல் 2025.