வெள்ளிக்கிழமையில் நாலு முட்டை

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அதற்காக அம்மா எத்தனையோ வருடம் விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவித்துத் தந்து என்னைப் பள்ளிக்கு அனுப்பினா. ஒருநாளாவது அவவை ஆறுதலாக நித்திரை கொள்ள விடவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒரு வியாழன் பின்னேரம், பணிஸ் சுடுவதற்கென்று கடையில் குழைத்து விற்கிற மாவை வாங்கித் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் அடுக்கினேன். தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் நாலு முட்டையும் அடித்து ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்தேன். விடியச் சின்ன மின்சாரப் போறணையில் வைத்துச் சுட்டேன். வீடெல்லாம் பனங்கட்டி மணம். கனவுக்குள் நடப்பதுபோல இருந்தது.

கோயில் மணி கேட்டபோதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை! அம்மா முட்டை தொடமாட்டா.

அவ வழமைபோல விடியவே எழும்பிவிட்டா; தலை முழுகி, ஈரத்தலையோடு வந்து நின்றா. "நல்ல வாசமடா. முட்டை போட்டனியோ?"

"இல்லையம்மா."

"அப்ப கோயிலுக்குப் போயிட்டு வந்து சாப்பிடுறன்."

வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. இதை அவவுக்காகச் செய்ததென்று நினைத்திருந்தேன். ஆனால் முட்டையில்லை என்ற பொய் என் பெருமைக்காக வந்தது. பின்னால் ஓடினேன்.

"அம்மா, நாலு முட்டை கிடக்கு."

அவ திரும்பிப் பார்த்துச் சிரித்தா. "படிச்சவருக்குக் கிழமை தெரியாது! மூடி வை, நாளைக்குச் சாப்பிடுவம். நாளைக்கு நான் எழும்பமாட்டன்."

சனிக்கிழமை நாலு மணிக்கு முழித்துக் காதுகொடுத்தேன். குசினியில் பாத்திரச் சத்தம் ஒன்றும் இல்லை. வெயில் யன்னலால் வந்து கால்மாட்டில் விழும்வரை அம்மா நித்திரை கொண்டா. அவ எழும்பட்டும் என்று நான் தட்டைத் திறக்காமல் காத்திருந்தேன்.